ஆரல்வாய்மொழிக் காற்றும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும்

2017 நவம்பர் 30 அன்று காலையில் போன கரண்ட் எங்கள் தெருவுக்குத் திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. ஒக்கி. கடலுக்குப் போன எத்தனையோ பேர் கரை திரும்பாத புயல் அது. அதன் முன்னால் கரண்ட் இல்லை என்பதை ஒரு துன்பமாகச் சொல்லக் கூடாது, தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் அந்த ஒன்பது நாளும் எங்கள் வீட்டுக்குள் இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான், அம்மாவின் இன்சுலின். பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும் குப்பி வெளியில் நாலு வாரம் தாங்கும், வெயில் படாமல் வைத்தால் போதும். பிரிக்காமல் எடுத்து வைத்திருக்கும் குப்பிகளுக்குத்தான் ஃபிரிட்ஜ் வேண்டும். மூன்று குப்பி இருந்தது. ரோடெல்லாம் தென்னையும் வாழையும் கம்பமும் விழுந்து கிடக்க, மறுபடி எப்போது மருந்துக்கடை திறப்பார்கள், சரக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை இறக்கி, நடுவில் ஆற்று மணலைக் கொட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, உள்ளே குப்பிகளை வைத்து ஈரத்துணியால் மூடினோம். கையை விட்டால் சில்லென்று இருக்கும். அது போதுமா என்பது வேறு விஷயம்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பானைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்த அம்மா வாசல் வழியாகத் தெரிந்த காற்றாலைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுத்தி இத்தன காத்தாடி நிக்குது, ஒரு பெட்டிய குளிர வைக்க முடியல பாத்தியா மக்களே."

எங்கள் வீடு ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே, முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் இருந்து வண்டியில் பத்து நிமிடம். நாட்டிலேயே பெரிய காற்றாலைக் கூட்டங்களில் ஒன்று இந்தப் பக்கம்தான். 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் அரசு சோதனைக்காக நிறுத்தியதில் தொடங்கி, பிறகு தனியார் வந்து இங்கே மளமளவென்று நட்டு, இன்று ஆயிரம் மெகாவாட்டுக்கும் மேல். இவ்வளவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இருட்டில் கிடந்தோம்.

எனக்கு நாகர்கோவிலில் மோட்டார் ரீவைண்டிங் கடை, கருகிய மோட்டாருக்குக் கம்பிச் சுருள் மாற்றிச் சுற்றும் வேலை. அதனால் அம்மா கேட்டதற்குப் பதில் தெரியும். இங்கே நிற்கும் பழைய காத்தாடிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது இன்டக்‌ஷன் ஜெனரேட்டர். கடைக்கு வரும் கிணற்று மோட்டாரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் காந்தம் கிடையாது. ஈபி லைனில் இருந்து கரண்ட் வந்து சுருளைக் காந்தமாக்கினால்தான் அது திருப்பிக் கரண்ட் கொடுக்கும். லைன் செத்துவிட்டால் காற்று எவ்வளவு அடித்தாலும் அது வெறும் இரும்பு. அதோடு, காற்று வினாடிக்கு 25 மீட்டரை நெருங்கினால் பெரிய காத்தாடிகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே நின்றுவிடும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அப்ப காந்தம் வச்ச ஒண்ணு இருந்தா ஓடுமா?" என்றார். ஓடும். வீட்டுக்கென்று விற்கும் சின்னக் காத்தாடிகளில் நிரந்தரக் காந்தம்தான் இருக்கிறது. லைன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறக்கை சுற்றினால் கரண்ட் வரும்.

இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம் அந்தக் கேள்விதான். இப்போது எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு சின்னக் காத்தாடி நிற்கிறது, ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிகிறது, வாரத்துக்கு ஒருவராவது நின்று விசாரிக்கிறார்கள். மதுரையில் இருந்தும் சென்னையில் இருந்தும் சொந்தக்காரர்கள் போன் செய்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதில் "வேண்டாம்" என்பதுதான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் முதலில் போட்டது தப்பான காத்தாடி.

2018 சித்திரையில் அதை வாங்கினேன். நின்ற வாக்கில் சுற்றும் வகை, திருகிய தகடுகளோடு உருளையாக, பார்க்க அழகாக இருந்தது. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் சுற்றும், சத்தம் வராது, மொட்டை மாடியிலேயே வைக்கலாம் என்று விற்றவர் சொன்னார். பெட்டியில் ஆயிரம் வாட் என்று போட்டிருந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் அடித்து, சுவருக்கு மேல் ஆறடி உயரத்தில் நிறுத்தினோம். நாள் முழுக்க அழகாகச் சுற்றியது. நான் பேட்டரிக்கு முன்னால் ஒரு யூனிட் மீட்டர் மாட்டியிருந்தேன், தொழில் பழக்கம். ஆனி, ஆடி என்று எங்கள் ஊரிலேயே காற்று உச்சத்தில் இருந்த மாதங்களில் அது கொடுத்த நல்ல நாள் கணக்கு கால் யூனிட்டைத் தாண்டவில்லை. ஒரு பல்பு ஒரு நாள் எரியும். அதற்கு மேல், கீழறையில் படுத்திருந்த மகளுக்குத் தூக்கம் போயிற்று, கூரைத் தளம் வழியாக ஒரு முனகல் இறங்கிக்கொண்டே இருந்தது. ஐப்பசி மழையில் கிளாம்ப் அடித்த இடத்தில் சுவரில் முடி போல ஒரு விரிசல். கழற்றிவிட்டேன்.

கழற்றிய பிறகுதான், வாங்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். நீளமான மூங்கில் கம்பு ஒன்றில் அடிக்கு அடி ஒரு துணி ரிப்பன் கட்டினேன், வீட்டில் கிடந்த பழைய நைலான் சேலையைக் கிழித்தது. அதை மாடியில் காத்தாடி இருந்த அதே இடத்தில் நட்டு வைத்துவிட்டுப் பார்த்தால், கீழே இருந்த ரிப்பன்கள் நாலு பக்கமும் அலைந்தன, சில நேரம் காற்று வந்த திசைக்கே திரும்பிப் பறந்தன, ஒன்று கம்பையே சுற்றிக்கொண்டது. பதினைந்து அடிக்கு மேலே இருந்தவை மட்டும் இழுத்துக் கட்டிய கயிறு போல ஒரே பக்கமாக நேராக நின்றன. காற்று சுவரில் மோதி, மேலே ஏறி, மாடி விளிம்பில் சுருண்டு உருள்கிறது. அந்தச் சுழலுக்குள்தான் நான் காத்தாடியை வைத்திருந்தேன். அது சுற்றும், வேலை செய்யாது. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இந்த ரிப்பன் சோதனையை ஒரு நாள் செய்து பாருங்கள், செலவே இல்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. இங்கிலாந்தில் வாரிக் காற்றுச் சோதனை என்ற பெயரில், கட்டடங்களின் மேல் வைத்த 26 சின்னக் காத்தாடிகளை அளந்து பார்த்து 2009-ல் அறிக்கை வெளியிட்டார்கள். நின்றுபோன நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு காத்தாடி ஒரு நாளைக்குக் கொடுத்தது சராசரியாக 214 வாட்-மணி (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). அதாவது கால் யூனிட்டுக்கும் குறைவு. என் மாடியில் வந்த அதே அளவு.

சரி, காற்றின் கணக்கைச் சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் எந்த விற்பனையாளரும் உங்களை ஏமாற்ற முடியாது. காற்றில் இருக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. இப்போது என் வீட்டில் இருப்பது 2 மீட்டர் விட்டம் கொண்டது, இறக்கைகள் துழாவும் பரப்பு 3.14 சதுர மீட்டர். நம் ஊர் வெப்பக் காற்றில், வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அந்தப் பரப்பின் வழியே போகும் சக்தி மொத்தமே 225 வாட் அளவுதான். அதில் முழுதையும் யாராலும் எடுக்க முடியாது. 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த எந்திரமும் எடுக்காது என்று ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். சின்னக் காத்தாடிகள் நடைமுறையில் முப்பது சதவீதம் எடுத்தாலே நல்ல எந்திரம். ஆக 5 மீட்டர் காற்றில் என் கைக்கு வருவது 70 வாட்டுக்குள். அதே எந்திரம் 8 மீட்டர் காற்றில் 275 வாட், 10 மீட்டரில் 540, 12 மீட்டரில் 900-க்கு மேல். பெட்டியில் எழுதியிருக்கும் "1000 வாட்" இந்தக் கடைசிக் காற்றுக்கு எழுதியது. 12 மீட்டர் என்றால் மணிக்கு 43 கிலோமீட்டர், குடை நிற்காது. உங்கள் ஊரில் எத்தனை நாள் குடை நிற்காமல் காற்று அடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 3 மீட்டருக்குக் கீழே, அதாவது மரத்து இலை லேசாக அசைகிற காற்றில், எந்தக் காத்தாடியில் இருந்தும் ஒன்றும் வராது.

அப்புறம், வாட்டைப் பார்க்காதீர்கள், விட்டத்தைப் பாருங்கள். நான் முதலில் வாங்கிய உருளைக் காத்தாடி ஒரு மீட்டர் அகலம், நாலடி உயரம். பரப்பு ஒன்றேகால் சதுர மீட்டர் வராது. அதற்கும் ஆயிரம் வாட், இதற்கும் ஆயிரம் வாட் என்று எழுதினால் இரண்டில் ஒன்று பொய்.

இந்த முறை அளந்துவிட்டுத்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன். பின்புறக் காலி மனையில் 40 அடி ஜிஐ பைப்பை ஸ்டே கம்பி கட்டி நிறுத்தி, உச்சியில் கிண்ணம் சுற்றும் காற்றுமானி வைத்து, வயரைச் சமையலறை வரை இழுத்து வந்தோம். காலை ஆறு, மதியம் ரெண்டு, இரவு ஒன்பது, மூன்று நேரமும் டிஸ்பிளேயில் இருப்பதை மகள் தன் பழைய கணக்கு நோட்டில் எழுதினாள், அவள் இல்லாத நாளில் அம்மா எழுதினார். ஒரு வருடம். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. வைகாசிக் கடைசியில் எண்கள் ஏறத் தொடங்குகின்றன, ஆனியும் ஆடியும் 7, 8, 9 என்று பக்கம் பக்கமாக, சில மதியங்களில் 12. புரட்டாசி பாதியில் சட்டென்று 4, பிறகு ஐப்பசி கார்த்திகையில் 2, 1.5, சில நாள் அம்மா கையெழுத்தில் வெறும் "இல்லை". தை மாசியில் கொஞ்சம் எழும்புகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்வது எங்கள் ஊரில் சொல் வழக்கு மட்டும் இல்லை, நோட்டில் தெரிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்ட வழி தேடி இந்தக் கணவாய் இடுக்குக்குள் பாய்ந்து வேகம் கூடுகிறது. பாலக்காடு, செங்கோட்டை, கம்பம் கணவாய்களின் வாயில் இருக்கும் ஊர்களுக்கும் இதே கதைதான்.

நோட்டைப் பார்த்த பிறகு 2020-ல் இரண்டாவது காத்தாடி. மூன்று இறக்கை, படுக்கை அச்சு, 2 மீட்டர் விட்டம், 24 வோல்ட். இதில் எந்திரத்தைவிடக் கோபுரத்துக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன், அதற்குத்தான் அதிகம் யோசிக்கவும் வேண்டும். சுற்றுவட்டத்தில் முந்நூறு அடிக்குள் இருக்கும் எந்த மரத்தையும் வீட்டையும் விட இறக்கையின் கீழ்முனை முப்பது அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் அளவு. உயரம் இரண்டு மடங்கானால், திறந்த வெளியில், வேகம் பத்து சதவீதம் கூடும், மும்மடிக் கணக்கில் அது சக்தியில் முப்பத்தைந்து சதவீதம். பெரிய காத்தாடி வாங்குவதைவிடப் பத்தடி பைப் வாங்குவது மலிவு. எங்களுடையது 15 மீட்டர் பைப், நாலு பக்கமும் இரண்டு அடுக்கு ஸ்டே கம்பி, அதை இறுக்க டர்ன்பக்கிள், மூன்றடி ஆழக் கான்கிரீட் கட்டை. அடியில் கீல் வைத்தது, செயின் பிளாக் போட்டு நாலு பேர் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் தரையில் படுக்க வைக்கலாம். படுக்க வைக்க முடியாத கோபுரத்தை வீட்டுக்கு வைக்கவே வைக்காதீர்கள். ஏறிப் பழுது பார்ப்பது நம்மைப் போன்றவர்கள் செய்யும் வேலை இல்லை, புயல் எச்சரிக்கை வந்தால் இறக்கியாக வேண்டும். கோபுரம் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஈபி லைனிலோ அடுத்தவர் கூரையிலோ படாத இடம் வேண்டும். இந்த ஒரு நிபந்தனையிலேயே நகரத்து வீடுகள் எல்லாம் போய்விடும்.

கோபுரம், காத்தாடி, பேட்டரிக்குப் போகும் கரண்டைக் கவனிக்கும் கன்ட்ரோலர், இரண்டு 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. கரண்ட் பில்லில் இதை எடுத்துவிடலாம் என்று நினைத்தால் வாங்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக வரும் மாநிலத்தில் அந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் நேராகாது. இது கரண்ட் போன நேரத்துக்கான சாமான். ஃபிரிட்ஜுக்கும் அம்மாவுக்கும் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

அந்த இரண்டு பேட்டரியில் எழுத்தில் இருப்பது 3.6 யூனிட், லெட்-ஆசிட்டைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் போய்விடும், ஆகக் கையில் இருப்பது 1.8. அதனால் முதலில் செலவைக் குறைத்தேன். 75 வாட் ஃபேன் மூன்றையும் எடுத்துவிட்டு 30 வாட் பிஎல்டிசி ஃபேன் போட்டோம். எல்லா விளக்கும் 9 வாட் எல்இடி. ஃபிரிட்ஜ் சின்னது, ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குள். இது தவிர வைஃபை, போன். எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டரை யூனிட்டுக்குள் அடங்கியது. மோட்டார், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எதுவும் அந்த லைனில் கிடையாது. ஃபேன் மாற்றிய செலவுதான் இந்த மொத்த ஏற்பாட்டிலேயே அதிகப் பலன் கொடுத்த செலவு, காத்தாடியே போடாதவர்களுக்கும் இதைச் சொல்வேன்.

முதல் ஆடி இரவு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஆடியில் கரண்ட் போவது பெரும்பாலும் காற்றால்தான், கிளை ஒடிந்து கம்பியில் விழும், கம்பியும் கம்பியும் உரசும், டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போகும். அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் போனது மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் வந்தது. பதினாலு மணி நேரம். வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது, காத்தாடி 300-க்கும் 600-க்கும் நடுவில் வாட் காட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே மூன்று ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ். நான் தூங்காமல் கன்ட்ரோலர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இரவு பன்னிரண்டரைக்கு பேட்டரி நிறைந்து, மிச்சக் கரண்டை இழுத்துக்கொள்ளும் டம்ப் லோடு கிளிக் என்று சேர்ந்த சத்தம் கேட்டது. ஊரே இருட்டில் இருக்க எங்கள் வீட்டில் கரண்ட் மிஞ்சிப் போகிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி காலையில் நாலு போனையும் ஒரு டார்ச்சையும் கொண்டு வந்து சார்ஜ் போட்டுக்கொண்டு போனார். அம்மா எழுந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து குப்பியைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, சாத்திவிட்டுப் பல் தேய்க்கப் போனார். எனக்கு அது போதுமாக இருந்தது.

டம்ப் லோடு என்று சொன்னேனே, அதை விளக்க வேண்டும், ஏனென்றால் 2022-ல் அதில்தான் அடிபட்டேன். சூரியத் தகட்டில் பேட்டரி நிறைந்துவிட்டால் வயரைக் கழற்றிவிடலாம், தகடு சும்மா வெயிலில் கிடக்கும். காத்தாடி அப்படி இல்லை. அதன் கரண்டை யாராவது இழுத்துக்கொண்டே இருந்தால்தான் அது கட்டுக்குள் சுற்றும். பாரத்தை எடுத்துவிட்டால் பள்ளத்தில் அவிழ்த்துவிட்ட வண்டி மாதிரி வேகம் ஏறிக்கொண்டே போகும். அதனால் பேட்டரி நிறைந்ததும் மிச்சக் கரண்டை ஒரு ஹீட்டர் சுருளுக்குத் திருப்பி வெப்பமாக வீணடிக்க வேண்டும். என் டம்ப் லோடின் வயர் முனை ஒன்று நாளாவட்டத்தில் தளர்ந்திருந்திருக்கிறது. ஆடி மதியம், நான் கடையில் இருந்தேன், மகள் போன் செய்து "அப்பா, காத்தாடி வேற மாதிரி கத்துது" என்றாள். போனிலேயே கேட்டது. வண்டியை எடுத்து வீட்டுக்கு வந்தபோது இறக்கைகள் கண்ணுக்குத் தெரியவில்லை, வெறும் வட்டம், ஸ்டே கம்பிகள் எல்லாம் வீணைக் கம்பி போல அதிர்ந்துகொண்டிருந்தன. பிரேக் சுவிட்ச் என்பது மூன்று பேஸ் வயரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவதுதான், ஜெனரேட்டர் தன்னையே பிடித்து நிறுத்திக்கொள்ளும். ஆனால் அது காற்று குறைந்த நேரத்தில் போட வேண்டிய பிரேக். அந்த வேகத்தில் போட்டேன். வேகம் குறைந்தது, நிற்கவில்லை. ஒரு நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாடை கிட்டத்தட்ட ஐம்பது அடி உயரத்தில் இருந்து கீழே வந்தது. இருபது வருடமாகத் தினம் முகர்கிற வாடை, ஸ்டேட்டர், அதாவது ஜெனரேட்டருக்குள் இருக்கும் சுருள் கட்டு, போய்விட்டது என்று அப்போதே தெரியும்.

காற்று அடங்க மூன்று நாள் காத்திருந்து இறக்கினோம். சுருள் எல்லாம் கருப்பு. கடைக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு சுருளாகச் சுற்று எண்ணி எடுத்து, அதே கேஜ் கம்பியில் சுற்றி, வார்னிஷில் முக்கிச் சூடேற்றிப் பொருத்தினேன். எனக்கு அது கைவேலை. உங்களுக்கு என்றால் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், விற்ற கம்பெனி அதற்குள் இருக்க வேண்டும். இந்தச் சின்னக் காத்தாடித் தொழிலில் விற்றவர்கள் நாலைந்து வருடம் நிலைப்பதே அபூர்வமாக இருக்கிறது. வாங்கும்போது பேரிங் என்ன எண், ஸ்டேட்டர் தனியாகக் கிடைக்குமா, இறக்கை ஒன்று மட்டும் கிடைக்குமா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்துக்குக் கயத்தாற்றில் சோதனை நிலையம் உண்டு, சோதனைக்கு உட்பட்ட எந்திரமா என்று கேட்பதும் நியாயமான கேள்விதான்.

இது தவிர வருடா வருடம் வரும் வேலைகள். நம் மண்ணின் தூசியும் மணலும் இறக்கையின் முன் விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல ஆக்கிவிடுகிறது, அதற்கென்று விற்கும் டேப் ஒட்ட வேண்டும், ஒட்டாத வருடம் சத்தம் கூடியது, கரண்டும் குறைந்தது. காத்தாடி காற்றின் திசைக்குத் திரும்பித் திரும்பி உள்ளே இறங்கும் வயர் முறுக்கிக்கொள்ளும், அடியில் பிளக் வைத்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை முறுக்கை எடுத்துவிடுகிறேன். இடிக்கு நாலு மூலையிலும் எர்த் கம்பி, கன்ட்ரோலருக்கு முன்னால், திடீரென்று பாயும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர். மிக முக்கியமாக, வீட்டு லைனுக்கும் ஈபி லைனுக்கும் நடுவில் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச், ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்ப்பது. நம் வீட்டுக் கரண்ட் தப்பித்தவறி வெளிக் கம்பிக்குப் போனால், புயலுக்குப் பிறகு சோறு தண்ணி இல்லாமல் கம்பம் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிர் போகும். ஒக்கி சமயத்தில் வெளியூர்களில் இருந்தெல்லாம் வந்து எங்களுக்காக வேலை செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதில் அரைகுறை வேலை கூடவே கூடாது.

2023-ல் சூரியத் தகடும் போட்டேன், இரண்டு பெரிய தகடு, ஒரு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல், அதே பேட்டரிக்கு. அது நாளுக்கு நாலு யூனிட் கொடுக்கிறது, முறுக்கு எடுக்க வேண்டாம், கிரீஸ் வேண்டாம், துடைத்தால் போதும். விலை காத்தாடியில் பாதிகூட இல்லை. ஐப்பசியில் இருந்து பங்குனி வரை எங்கள் வீட்டைத் தாங்குவது அதுதான். ஆனி ஆடியில், கரண்ட் அதிகம் போகிற அந்த மாதங்களில், இரவு முழுக்கப் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருப்பது காத்தாடி, நல்ல நாளில் ஐந்து யூனிட் வரை. நேர்மையாகச் சொன்னால் இன்றைய விலையில் முதலில் இருந்து தொடங்குவதாக இருந்தால், முதலில் தகடு, பிறகு இன்னும் இரண்டு பேட்டரி, அதற்கு அப்புறமும் பணமும் மனமும் இருந்தால் காத்தாடி என்றுதான் போவேன். அதுவும் இந்த ஊரில் இருப்பதால். மதுரையில் இருந்தால் அந்த மூன்றாவதை யோசித்தே இருக்க மாட்டேன்.

தகடு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது, நல்ல திட்டம், ஆனால் அதில் பெரும்பாலோர் போடும், ஈபி லைனோடு சேர்ந்து மட்டுமே ஓடும் ஆன்-கிரிட் ஏற்பாடு கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். லைன்மேன் பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மாடி நிறையத் தகடு இருந்தும் மத்தியான வெயிலில் ஃபேன் ஓடாமல் உட்கார்ந்திருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. முப்பந்தல் காத்தாடிகள் ஒக்கியில் நின்றது போலத்தான் இதுவும். கரண்ட் போன நேரத்துக்கு வேண்டும் என்றால் பேட்டரியோடு ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் என்று வாய் திறந்து கேட்டு வாங்குங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கோபுரத்தை இறக்கப் போகிறோம். பேரிங்கில் லேசாக ஒரு கரகரப்பு, காதைப் பைப்பில் வைத்தால் கேட்கிறது. இறக்கைக்குப் புது டேப் வாங்கி வைத்திருக்கிறேன், டம்ப் லோடு முனைகளைத் திரும்ப முறுக்க வேண்டும், வடக்குப் பக்க ஸ்டே கம்பியில் ஒரு இழை துருப்பிடித்திருக்கிறது, அதை முழுதாக மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். அண்ணாச்சியும் அவர் மகனும் செயின் பிளாக் பிடிக்க வருகிறார்கள். வைகாசி பிறப்பதற்குள் மறுபடி நிறுத்திவிட வேண்டும்.